ஏர்பிரஷ்ஷுக்கு எந்த கம்ப்ரெசர் வாங்கலாம்? ஃப்ளாட்டு வீடு, ராத்திரிதான் டைம் கெடைக்குது

பாயான்_குன்ப்ளா:

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் மொத தடவ எழுதறேன், நீளமா போயிட்டா மன்னிச்சிக்குங்க.

நான் பினாங்கு, பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி வேல, 12 மணி நேர ஷிஃப்ட், ரெண்டு வாரம் பகல் ரெண்டு வாரம் ராத்திரி. மூணு வருஷமா குன்ப்ளா (குண்டம் ரோபோ பிளாஸ்டிக் மாடல்) கட்டறேன். இவ்ளோ நாளும் மார்க்கர், பேனல் லைன், கடைசில ஸ்ப்ரே டின்ல மேட் கோட், அவ்ளோதான். போன வருஷம் ஆசைப்பட்டு ஆன்லைன்ல ஒரு பேட்டரி கம்ப்ரெசர் வாங்குனேன், ஏர்பிரஷ்ஷுக்கு (காத்தால பெயிண்ட தெளிக்கற பேனா மாதிரி சாமான்) அடியில திருகி கையிலயே புடிச்சிக்கறது இருக்குல்ல, அது. மொத வாரம் ஜோரா இருந்திச்சி. அப்புறம் பாத்தா கால் மணி நேரத்துல சூடாகி கையில புடிக்க முடியல, பிரஷர் ஏத்த எறக்க வழியே இல்ல, போன மாசம் வெள்ளை ஷோல்டர் பார்ட்டுல மூணாவது கோட் அடிச்சிட்டு இருக்கும்போது சொத்துன்னு ஒரு சொட்டு தண்ணி துப்பிடுச்சி. பெயிண்ட் வட்டமா வெலகி நடுவுல கிரே ப்ரைமர் (அடிக்கோட்) தெரியுது, மீன் கண்ணு மாதிரி. அத அப்படியே எடுத்து டப்பாவுல போட்டு மூடி வெச்சிட்டேன், இன்னும் தெறக்கல.

இப்ப ஒழுங்கான கம்ப்ரெசர் வாங்கலாம்னு இருக்கேன். பட்ஜெட் 500 வெள்ளி (ரிங்கிட்). 9-வது மாடி ஃப்ளாட்டு, வீட்டுல ரெண்டு வயசு பையன், கீழ் வீட்டுல ஒரு சீன அங்கிள், ஒரு தடவ ராத்திரி பத்து மணிக்கு ட்ரில் போட்டேன்னு பைஜாமாவோட மேல ஏறி வந்துட்டாரு. எனக்கு பெயிண்ட் அடிக்க டைம் கெடைக்கறதே பையன் தூங்குன பெறகுதான். அதனால கம்ப்ரெசர பால்கனியில வெச்சிட்டு ஹோஸ மட்டும் ஏர்கோன் ரூமுக்குள்ள இழுத்துக்கலாமான்னு ஒரு யோசன.

ஆன்லைன்ல பாத்தா தல சுத்துது. ஒருத்தன் பிரஷர் 57 பிஎஸ்ஐங்கறான், இன்னொருத்தன் 116 பிஎஸ்ஐங்கறான், வெலையில பெருசா வித்தியாசம் இல்ல. எதுல பிஎஸ்ஐ அதிகமோ அத வாங்கிடறதா? இன்னொன்னு, தைப்பூசத்துக்கு எங்க மச்சான் காவடி எடுக்கறாரு, பாலிஃபோம்ல (தெர்மாகோல்) வெட்டுன மயிலுக்கெல்லாம் "நீயே கலர் அடிச்சி குடுத்துடு"ன்னு சொல்லிட்டாரு. ரெண்டுத்துக்கும் ஒரே மெஷின் போதுமா?

---

சும்மா_வந்தவன்:

116 பிஎஸ்ஐல அடிச்சா குண்டம் பொம்ம பறந்து போயி அங்கிள் வீட்டு ஜன்னல்ல லேண்ட் ஆயிடும் லா 😂 வாங்குங்க, வீடியோ எடுத்து போடுங்க.

---

பழைய_நீடில்:

தம்பி, பிஎஸ்ஐ நம்பர மொதல்ல மறந்துடுங்க. கேஎல்ல 15 வருஷமா அடிக்கறேன், பாதி பேரு ஏமார்றதே அந்த எடத்துலதான். 0.3 நீடில் போட்ட ஏர்பிரஷ்ல குன்ப்ளாவுக்கு நீங்க அடிக்கப் போறது 15லேர்ந்து 20 பிஎஸ்ஐ, ப்ரைமர்னா 25. எந்த கம்ப்ரெசரும் அத தாண்டும். நீங்க பாக்க வேண்டியது நிமிஷத்துக்கு எத்தன லிட்டர் காத்து தருது, அத ஒரே சீரா தருதா, இது ரெண்டுதான். 0.3 நீடில் 20 பிஎஸ்ஐல நிமிஷத்துக்கு சுமாரா 10 லிட்டர் குடிக்கும். கடையில போடற லிட்டர் நம்பர் பிரஷரே இல்லாம சும்மா ஓட விட்டு அளந்தது, பிரஷர் ஏற ஏற அது எறங்கிடும், அதனால 20 லிட்டர்னு எழுதியிருந்தா 12, 14 கெடைக்கும்னு வெச்சிக்குங்க.

நம்ம ஆளுங்க முக்கால்வாசி பேரு வெச்சிருக்கறது ஏஎஸ்-186னு ஒரு மாடல், பல பேருல பல ஸ்டிக்கர் ஒட்டி வருது, உள்ள ஒரே சாமான்தான். ஒத்த பிஸ்டன், ஆயில் வேணாம், அடியில 3 லிட்டர் டேங்க், 3 பாருக்கு எறங்குனா தானா ஆன் ஆகும், 4 பாருக்கு ஏறுனா நின்னுடும். அந்த 4 பார்தான் தம்பி பாத்த 57 பிஎஸ்ஐ. நான் வாங்குனப்ப 300 வெள்ளி சொச்சம். டேங்க் இல்லாத ஏஎஸ்-18ம் இருக்கு, 80, 100 வெள்ளி கொறையும், ஆனா பிஸ்டன் அடிக்கற ஒவ்வொரு அடியும் காத்துல துடிப்பா வரும், மெல்லிசா கோடு போட்டா தெரியும். ட்ரிக்கர விட்டாலும் மோட்டாரு சீக்கிரத்துல ஓயாது, சூடு ஏறிக்கிட்டே போகும். காச மிச்சம் புடிக்க நெனச்சி அத வாங்காதீங்க.

ஒரு பழக்கம் இப்பவே கத்துக்குங்க. ரெகுலேட்டர (பிரஷர ஏத்தி எறக்கற குமிழ்) செட் பண்ணும்போது ட்ரிக்கர அமுக்கிட்டே செட் பண்ணுங்க. சும்மா நிக்கும்போது 20 காட்டும், அமுக்குனா 14க்கு விழுந்துடும், அப்புறம் பெயிண்ட் பூராவும் மணல் மணலா வருதுன்னு இங்க வந்து கேப்பீங்க.

சத்தமே ஆகாதுன்னா ஜப்பான் லீனியர் டைப் இருக்கு, குன்ஸே எல்5, எல்7 மாதிரி. மீன் தொட்டி மோட்டாரு கணக்கா முனகும், அவ்ளோதான். ஆனா சுமாரா 1 பார்தான் தரும், அதாவது 14, 15 பிஎஸ்ஐ, வெலையும் உங்க பட்ஜெட்ல நிக்காது. ஜப்பான்லேர்ந்து நேரா எறக்குனா 100 வோல்ட், நம்ம 240க்கு ட்ரான்ஸ்ஃபார்மர் தனியா வேணும். காவடிக்கு சான்ஸே இல்ல.

அப்புறம் ஏர்பிரஷ் எந்த த்ரெட்னு (ஹோஸ் மாட்டற மரை) பாத்துக்குங்க. இவாட்டாவும் சைனா ஏர்பிரஷ்ஷும் ஒன் எய்ட் (1/8 இஞ்ச்), குன்ஸேயோட ப்ரோகான் பாய் அதவிட சின்னது, அடாப்டர் போடணும். 10 வெள்ளி சாமான், இல்லன்னா சனிக்கிழம ராத்திரி கையப் பெசஞ்சிக்கிட்டு ஒக்காந்திருப்பீங்க.

---

செந்தூல்_கேக்_அக்கா:

நான் மாடல் எல்லாம் கட்டறது இல்ல தம்பி, வீட்டுல கேக் ஆர்டர் எடுக்கறேன், ஆனா கம்ப்ரெசர் கதை எனக்கும் இருக்கு.

மொதல்ல வோல்ட் பாருங்க!! நான் ஆன்லைன்ல வாங்குன மொத மெஷின் 110 வோல்ட். ரெண்டு பின் ப்ளக்கு, கூடவே ஒரு மூணு பின் அடாப்டரும் போட்டு அனுப்பியிருந்தாங்க, அடாப்டர் இருக்கேன்னு நானும் நம்பி சொருகிட்டேன். ஒரு எட்டு செகண்டு நல்லா ஓடிச்சி, அப்புறம் புளிச்ச ரப்பர் மாதிரி ஒரு வாட, அப்புறம் புகை. மறுநா காலையில டெலிவரி, ரெண்டு அடுக்கு கேக்கு, நீலத்துலேர்ந்து வெள்ளைக்கு எறங்கணும். விடிய விடிய ப்ரஷ்ஷால தடவுனேன். விக்கறவன் "நீங்க டிஸ்கிரிப்ஷன் படிக்கல"ன்னு சொல்லிட்டான். படிச்சி பாத்தா கடைசி வரியில இருக்கு, என்ன சொல்றது. மெஷின் முதுகுல ஒட்டியிருக்கற தகட்ட போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, 220-240 வோல்ட் 50 ஹெர்ட்ஸ்னு இருந்தாதான் காசு கட்டுங்க.

ரெண்டாவது சத்தம். கீழ் வீட்டுக்குப் போறது காத்து வழியா போற சத்தம் இல்ல தம்பி, தரை வழியா போற நடுக்கம். என் மெஷின நேரா டைல்ஸ் மேல வெச்சிருந்தப்ப கீழ் வீட்டு அம்மா "நீங்க மாவு மில்லு நடத்தறீங்களா"ன்னு கேட்டாங்க. பழைய ஜப்பான் சிலிப்பர (ரப்பர் செருப்பு) நாலா வெட்டி காலுக்கு அடியில வெச்சேன், அதுக்கும் அடியில மடிச்ச யோகா மேட். அதோட அவங்க கேக்கறத நிறுத்திட்டாங்க. ஆனா சத்தம் வரக்கூடாதுன்னு பெட்டிக்குள்ள போட்டு அடைச்சிடாதீங்க, சூடாகி அதுவா கட் ஆயிடும்.

வீட்டுல யாரும் கேக் செஞ்சா பெயிண்ட் அடிக்கற ஏர்பிரஷ்ஷ குடுத்துடாதீங்க. சாப்பாட்டுக்கு தனி ஏர்பிரஷ், தனி ஹோஸ், ஆயில் இல்லாத மெஷின்.

---

பைப்_மேன்:

நான் ஃபேக்டரியில காத்து லைன் மெயின்டனன்ஸ், ஏர்பிரஷ் புடிச்சதே இல்ல. ஆனா அந்த ஒரு சொட்டு தண்ணிய பத்தி யாரும் ஒழுங்கா சொல்லல, அதனால எழுதறேன்.

நம்ம ஊரு காத்துல எவ்ளோ தண்ணி இருக்குன்னு கணக்கு பாருங்க. 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னா ஒரு கன மீட்டர் காத்துல சுமார் 24 கிராம் தண்ணி ஆவியா இருக்கு. அத 4 பாருக்கு அமுக்குனா அஞ்சுல ஒரு பங்கா சுருங்கிடும், அந்த எடத்துல 30 டிகிரியில 6 கிராம்தான் ஆவியா நிக்க முடியும். மிச்சம் 18 கிராம் தண்ணியா எறங்கியே ஆகணும், மூணு டீஸ்பூனுக்கு மேல. நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கற மெஷின் ஒரு கன மீட்டர் இழுக்க 50 நிமிஷம், சரி ஒரு மணி நேரம்னு வெச்சிக்குவோம். அப்ப மோட்டாரு ஓடற ஒவ்வொரு மணிக்கும் மூணு ஸ்பூன் தண்ணி. குளிர் நாட்டுக்காரன் எழுதுன ரிவ்யூவுல இது பெருசா வராது, அவன் காத்துல அவ்ளோ தண்ணியே கெடையாது.

கேள்வி என்னன்னா அந்த மூணு ஸ்பூன் எங்க எறங்குது. பம்ப்லேர்ந்து வெளிய வர்ற காத்து கொதிக்கும், கொதிக்கற காத்து தண்ணிய ஆவியாவே புடிச்சி வெச்சிக்கும். ஃபில்டர் தண்ணியத்தான் புடிக்கும், ஆவிய புடிக்காது. அதனால சூடா இருக்கற காத்து ஃபில்டர தாண்டி ஹோஸுக்குள்ள போயி அங்க ஆறி அங்க தண்ணியாகும், நேரா ஏர்பிரஷ் வாய்க்கு. கையில புடிக்கற பேட்டரி மெஷின்ல பம்ப்புக்கும் நீடிலுக்கும் நடுவுல அரை சாண் கூட இல்ல, காத்து ஆற எடமே இல்ல, உங்க மீன் கண்ணு அங்கேர்ந்து வந்ததுதான். டேங்க் வேணும்னு எல்லாரும் சொல்றது துடிப்புக்காக மட்டும் இல்ல, காத்து ஆர்றதுக்கும்தான்.

அதனால உங்க பால்கனி ஐடியா வேணாம். வெளிய 33 டிகிரியில மெஷின், சின்ன டேங்க் ஓடி ஓடி சூடாகி இருக்கு, ஹோஸ் 24 டிகிரி ரூமுக்குள்ள கெடக்கு, அந்த ஹோஸ்தான் தண்ணி எறங்கற எடமா ஆயிடும். மெஷினும் ஏர்கோன் ரூமுலயே இருந்தா நல்லது, ஏர்கோன் ரூம் காத்துல தண்ணி ஏறக்கொறைய பாதிதான், இழுக்கறதே காஞ்ச காத்தா இருக்கும்.

இன்னொன்னு, துப்புனா உடனே தண்ணின்னு முடிவு பண்ணிடாதீங்க. கப்ப கழுவி பெயிண்ட் இல்லாம வெறும் காத்த கறுப்பு அட்டையில ஒரு சாண் தள்ளி ஒரு நிமிஷம் அடிச்சி பாருங்க. புள்ளி விழுந்தா தண்ணி. விழலன்னா நீடில் முனையில பெயிண்ட் காஞ்சி அடைச்சிருக்கும், அதுக்கு எந்த கம்ப்ரெசர் வாங்குனாலும் தீராது.

---

சும்மா_வந்தவன்:

பைப் அண்ணே கணக்கு வாத்தியாரா போயிருக்கணும் நீங்க. சரி ஒரு கேள்வி, எங்க பெரியப்பா பழைய ப்ரிட்ஜ் கம்ப்ரெசர கழட்டி ஏர் மெஷின் செஞ்சி வெச்சிருந்தாரு, சத்தமே வராது. அது ஃப்ரீதானே?

---

பைப்_மேன்:

சத்தம் வராது, உண்மதான். ஆனா உள்ள ஆயில் ஓடுது, காத்தோட சேந்து ஆவியா வரும், அதுக்கு தனி ஃபில்டர் வேணும், இல்லன்னா பெயிண்ட் ஒட்டாது. எதிர்ல பிரஷர் இருந்தா மறுபடி ஸ்டார்ட் ஆக திணறும், அத எறக்கி விட வால்வ் வேணும். அப்புறம் வயரிங், உள்ள இருக்கற ப்ரிட்ஜ் கேஸ எறக்கறது... ரெண்டு வயசு புள்ள இருக்கற வீட்டுல வேணாம். பெரியப்பாவுக்கு தெரிஞ்சி செஞ்சிருப்பாரு.

---

காவடி_பட்டறை:

வணக்கம், ப்ராய்ல சின்ன பட்டற வெச்சிருக்கேன், தைப்பூசம் வந்தா மூணு மாசத்துக்கு தூக்கம் கெடையாது. பழைய நீடில் அண்ணன் சொன்னதெல்லாம் பொம்மைக்கு சரி. மயிலுக்கு சரி வராது.

3 லிட்டர் டேங்க்ல 4 பார்லேர்ந்து 3 பாருக்கு எறங்கற வரைக்கும் ஒங்களுக்கு கெடைக்கறது வெறும் 3 லிட்டர் காத்து. 10 லிட்டர் குடிக்கற ஏர்பிரஷ்ஷுக்கு இருவது செகண்டு கூட வராது, மோட்டாரு மறுபடி டர்ர்ர். பெயிண்ட் அடிக்கற நேரம் பூரா அது ஓடிக்கிட்டேதான் இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு ஃப்ளாட்டுல இருவது செகண்டுக்கு ஒரு தடவ டர்ர்ர்னா அங்கிள் பைஜாமாவோட வருவாரா மாட்டாரா?

நான் சொல்றேன், 24 லிட்டர் டேங்க், சைலண்ட் ஆயில்ஃப்ரீன்னு விக்கறது வாங்குங்க. பல்லு டாக்டர் கிளினிக்ல வெச்சிருப்பாங்களே, அந்த ஜாதி. மோட்டார் நாலு போலான்னு கேளுங்க, அது நிமிஷத்துக்கு 1400 சொச்சம் சுத்து, ரெண்டு போல்னா அதுக்கு டபுள், சத்தமும் அதிகம். ஹார்ட்வேர் கடையில ஆணி அடிக்கறதுக்கு விக்கற செவப்பு மெஷின வாங்கிடாதீங்க, அது கத்தற கத்துக்கு ப்ளாக்கே கீழ எறங்கிடும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். சாயங்காலம் ஏழு மணிக்கு, டிவி ஓடற நேரம், ஒரு தடவ ஆன் பண்ணி 8 பார் ஏத்திக்குங்க, நாலஞ்சு நிமிஷ வேல. ப்ளக்க புடுங்கிடுங்க. 8 பார்லேர்ந்து 2 பாருக்கு எறங்கற வரைக்கும் 24 லிட்டர் டேங்க்ல 144 லிட்டர் காத்து இருக்கு. 10 லிட்டர்னா 14 நிமிஷம் விடாம அடிக்கலாம், ஆனா யாரும் விடாம அடிக்கறது இல்ல, பார்ட்ட திருப்பி பாப்பீங்க, கலர் கலப்பீங்க, மூக்க சொறிவீங்க. முக்கா மணி நேரம் ஓட்டலாம். மோட்டாரு சத்தம் பூஜ்யம்.

மயிலுக்கு ஒண்ணு சொல்லணும். பாலிஃபோம் மேல லேக்கர், தின்னர் எதுவும் பட்டுடக் கூடாது, உருகி கொழகொழன்னு ஆயிடும், எங்கிட்ட வேல கத்துக்க வந்த பையன் ஒருத்தன் ஒரு மயிலோட கழுத்தையே கரைச்சிட்டான், தைப்பூசத்துக்கு ரெண்டு நாளு இருக்கும்போது. ஸ்ப்ரே டின்னும் அதே கதிதான். வாட்டர் பேஸ் எமல்ஷன் ரெண்டு கோட் ப்ரஷ்ஷால தடவி காய விடுங்க, அதுக்கு மேல அக்ரிலிக்க அடிங்க. பெரிய எடம் பூரா 0.3ல அடிச்சா விடிஞ்சிடும், ப்ரஷ்ஷால நீலம் குடுத்துட்டு பச்ச ஷேடும் கண்ணும் மட்டும் ஏர்பிரஷ்ல போடுங்க.

---

பழைய_நீடில்:

காவடி சார், நல்ல ஐடியாதான், ஆனா அந்த மாதிரி மெஷின்ல வர்ற ரெகுலேட்டர் 10 பார் மீட்டர். 20 பிஎஸ்ஐங்கறது அதுல 1.4 பார், முள்ளு பூஜ்யத்துலேர்ந்து எந்திரிக்கவே எந்திரிக்காது. தடவி தடவி அடிக்கணும். அப்புறம் 20 கிலோ கிட்ட வெயிட், ஃப்ளாட்டுல எங்க வெப்பாரு?

---

காவடி_பட்டறை:

அதுக்கு ரெண்டாவதா ஒரு சின்ன ரெகுலேட்டர் போட்டுக்கறது. பெருசுல 3 பாருக்கு எறக்கிடுங்க, அதுக்கு அப்புறம் 4 பார் மீட்டர் உள்ள சின்னத போட்டு அதுல நைசா புடிங்க. 40, 50 வெள்ளி. அடியில சக்கரம் இருக்கு, கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம். உங்க 3 லிட்டர் மெஷின் கெட்டதுன்னு சொல்லல, தனி வீடா இருந்தா நானே அததான் சொல்லுவேன்.

---

பைப்_மேன்:

இந்த விஷயத்துல நான் காவடி பக்கம். சாயங்காலம் ஏத்துன காத்து பத்து மணிக்குள்ள நல்லா ஆறிடும், தண்ணி பூரா டேங்க் அடியில எறங்கி நிக்கும், அடிக்கறதுக்கு முன்னாடி கீழ வால்வ கொஞ்சம் தெறந்து தண்ணிய எறக்கிட்டா மேல நிக்கறது ஆறிப்போன காத்து. அத 8 பார்லேர்ந்து 1.4க்கு எறக்கும்போது விரிஞ்சி இன்னும் காஞ்சிடும். ஃபேக்டரியில ட்ரையர் வெச்சி செய்யற வேலைய பாதி நீங்க சும்மா ஒக்காந்தே செஞ்ச மாதிரி.

ஒரே கண்டிஷன், வேல முடிஞ்சா மிச்ச காத்தையும் தண்ணியையும் பூராவும் எறக்கிடணும். தண்ணியோட விட்டா டேங்க் உள்ளேர்ந்து துரு புடிக்கும், வெளிய பெயிண்ட் பளபளன்னுதான் இருக்கும். பையன் வேற இருக்கான், பிரஷரோட கட்டிலுக்கு அடியில வெக்காதீங்க. சேஃப்டி வால்வ் வளையத்த மாசம் ஒரு தடவ இழுத்து விட்டு பாருங்க. ஜாயிண்டுல எல்லாம் வெள்ளை டேப் சுத்தி சோப்பு தண்ணி தடவுங்க, குமிழி விட்டா லீக், ராத்திரிக்குள்ள காத்து பூரா போயிடும்.

---

செந்தூல்_கேக்_அக்கா:

தம்பி மாஸ்க் பத்தி யாருமே சொல்லல? லேக்கர் அடிச்சா சாதாரண மாஸ்க், என்95 எல்லாம் அந்த வாடைய நிறுத்தாது, கரி ஃபில்டர் வெச்ச ரெஸ்பிரேட்டர் வேணும், ஜன்னலுக்கு வெளிய ஊதற மாதிரி ஃபேன் வேணும். ஏர்கோன் ரூம மூடிக்கிட்டு புள்ளைய பக்கத்துல படுக்க வெச்சி அடிச்சிடாதீங்கப்பா.

---

பாயான்_குன்ப்ளா:

இவ்ளோ பதில் வரும்னு நெனைக்கவே இல்ல, எல்லாருக்கும் நன்றி. அக்கா, பையன் தூங்கறது அவங்க அம்மாவோட வேற ரூமுல, நான் அடிக்கறது ஸ்டோர் ரூம் மாதிரி ஒரு சின்ன ரூமு, ஜன்னல் இருக்கு. இனிமே அக்ரிலிக்தான், லேக்கர் வேணாம்னு வீட்டுல உத்தரவு.

ஒரு சந்தேகம் மட்டும். மழை நாள்ல க்ளியர் கோட் அடிச்சா வெள்ளையா பூத்துடுது, அதுவும் கம்ப்ரெசர் தண்ணியாலதானா?

---

பழைய_நீடில்:

இல்ல தம்பி, அது வேற. லேக்கர் தின்னர் வேகமா ஆவியாகும்போது மேல் பரப்பு சில்லுனு ஆயிடும், ரூம் காத்துல இருக்கற ஈரம் அதுல வந்து படிஞ்சி வெள்ளை பூக்குது. ஸ்ப்ரே டின்ல கம்ப்ரெசரே இல்ல, அதுலயும் பூக்குது பாத்திருப்பீங்களே. எத்தன ஃபில்டர் போட்டாலும் அது நிக்காது. மெதுவா காயற தின்னர், இல்ல ஏர்கோன்ல ட்ரை மோட் போட்டு அரை மணி கழிச்சி அடிங்க. கொட்டற மழையில க்ளியர் கோட் அடிக்காம படுத்து தூங்கறதுதான் நல்லது.

---

பாயான்_குன்ப்ளா:

மூணு வாரம் கழிச்சி வரேன். 24 லிட்டர் சைலண்ட் வாங்கிட்டேன், சின்ன ரெகுலேட்டர், கப்ளர், ஹோஸ் எல்லாம் சேத்து பட்ஜெட்ட தாண்டிடுச்சி, எவ்ளோன்னு இங்க எழுதல, வீட்டுல யாராச்சும் படிச்சிட்டா வம்பு. தகடு போட்டோ கேட்டு வாங்கி 240 வோல்ட்னு பாத்துட்டுதான் காசு கட்டுனேன், அக்காவுக்கு ஒரு கும்பிடு.

காலுக்கு அடியில சிலிப்பர் வெட்டி வெச்சேன் (என்னோடது இல்ல, மச்சானோடது). ஏழேகாலுக்கு ஆன் பண்ணேன், 8 பார் ஏற அஞ்சு நிமிஷம் கிட்ட ஆச்சி, ஹால்ல மிக்சி ஓடற அளவுக்கு சத்தம், பையன் வந்து பக்கத்துல நின்னு கை தட்டறான். ப்ளக்க புடுங்கிட்டேன். பத்தரைக்கு கீழ வால்வ தெறந்தேன், புஸ்ஸுன்னு மொதல்ல வெள்ளையா பனி மாதிரி வந்திச்சி, அப்புறம் தண்ணி, மைலோ டின் மூடிய அடியில வெச்சி புடிச்சேன், மூடி அடி மறையற அளவுக்கு நின்னிச்சி. புது மெஷின்லேர்ந்தே லேசா காவி கலரு. இதெல்லாம் என் ஷோல்டர் பார்ட்டுக்கு போயிருக்க வேண்டியது.

கறுப்பு அட்ட டெஸ்ட்டும் பண்ணேன். பழைய பேட்டரி மெஷின்ல பத்து நிமிஷம் ஓட விட்டு அடிச்சா ஊசி குத்துன மாதிரி ஏழெட்டு புள்ளி. புதுசுல ஒண்ணும் இல்ல, வெளக்குல சாய்ச்சி சாய்ச்சி பாத்தேன். அப்புறம்தான் அந்த டப்பாவ தெறந்து மீன் கண்ண 1000 நம்பர் சாண்ட் பேப்பர்ல தேச்சி எடுத்துட்டு மறுபடி ப்ரைமர்லேர்ந்து ஆரம்பிச்சேன். முக்கா மணின்னு காவடி அண்ணன் சொன்னாரு, எனக்கு முப்பத்தஞ்சு நிமிஷத்துல 2 பாருக்கு வந்துடுச்சி, கை இன்னும் பழகல போல, தேவையில்லாம அமுக்கிட்டே இருக்கேன்.

ஒரே தொல்ல, அந்த கீழ வால்வ் டேங்க்குக்கு நேர் அடியில இருக்கு, தரைக்கும் அதுக்கும் ரெண்டு வெரல் எடம்தான். ஒவ்வொரு தடவையும் மெஷின சாய்ச்சி புடிச்சிக்கிட்டு திருக வேண்டியிருக்கு, 20 கிலோவ ராத்திரியில சாய்க்கும்போது கால் தரையில டமார்னு விழுது. இதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?

---

பைப்_மேன்:

மொதல்ல டேங்க்ல காத்து சுத்தமா இல்லன்னு மீட்டர பாத்துக்குங்க, சேஃப்டி வளையத்தையும் இழுத்து பாத்துடுங்க. அப்புறம் அந்த வால்வ கழட்டி கடைக்கு எடுத்துட்டு போங்க, த்ரெட்ட கண்ணால பாத்து சொல்லாம போட்டு பாத்து வாங்குங்க, பெரும்பாலும் கால் இஞ்ச். ஒரு எல்போ, ஒரு சாண் நீளத்துல 10 பாருக்கு மேல தாங்கற ஹோஸ், முனையில ஒரு பால் வால்வ். வெள்ளை டேப் சுத்தி முடுக்கி பால் வால்வ பக்கவாட்டுல கொண்டாந்து கால்ல கட்டிடுங்க. பால் வால்வ டேங்க் அடிய விட ஒசரமா கட்டிடாதீங்க, தண்ணி கீழயே தங்கிடும். பையன் கை எட்டற எடமா இருந்தா கைப்புடிய கழட்டி பாக்கெட்ல போட்டுக்குங்க.

---

காவடி_பட்டறை:

மச்சான் மயிலு என்னாச்சி?

---

பாயான்_குன்ப்ளா:

எமல்ஷன் காஞ்சிட்டு இருக்கு அண்ணே, ஹால் பூரா மயிலு, ஆறு. சாப்பிடறதுக்கு நாங்கதான் கிச்சன்ல நிக்கறோம்.